ஊழியரின் உறவினரும் நிறுவனப் பரிசுப் போட்டிகளும்

நிறுவனங்கள் நடத்தும் பரிசுப் போட்டிகளில் அந்நிறுவன ஊழியர்களின் உறவினர்கள் கலந்துகொள்ளலாமா என்பது வணிக நெறி, ஒப்பந்தச் சட்டம், நுகர்வோர் பாதுகாப்பு ஆகிய மூன்றோடும் தொடர்புடைய கேள்வி ஆகும். பொதுமக்களுக்காக நடத்தப்படும் போட்டிகளின் விதிகளில், நிறுவன ஊழியர்களும் அவர்களின் நெருங்கிய உறவினர்களும் விளம்பர முகவர்களும் கலந்துகொள்ளக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி இடம்பெறுவது வழக்கம். இந்தியாவில் இந்த விலக்கைக் கட்டாயமாக்கும் தனிச் சட்டம் இல்லை. போட்டியை நடத்துபவர் தாமே எழுதிக்கொள்ளும் விதி இது.

ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர்களும் அவர்களின் உறவினர்களும் ஒரே ஊரில் நெருங்கி வாழும் பகுதிகளில் இந்த வரி பலரைப் பாதிக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இக்கட்டுரை விலக்கு விதியின் காரணங்களையும், சட்ட நிலையையும், வெளிநாடுகளில் நடந்த மோசடிகளையும், நியாயமான விதி எப்படி அமையலாம் என்பதையும் விளக்குகிறது.

போட்டிகளின் வகைகள்

நிறுவனப் போட்டிகள் அனைத்தும் ஒரே தன்மை உடையவை அல்ல. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, விற்பனையை உயர்த்த நடத்தப்படும் குலுக்கல். பொருளை வாங்கியவர் கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போடுவார். அல்லது உறையின் உட்புறத்தில் உள்ள எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்புவார். அல்லது அட்டையைச் சுரண்டிப் பார்ப்பார். இதில் திறமைக்கு இடமில்லை. பரிசு அதிர்ஷ்டத்தால் கிடைக்கிறது.

இரண்டாவது, திறமைப் போட்டி. கட்டுரை, ஓவியம், முழக்கம் எழுதுதல், சமையல் குறிப்பு, ஒளிப்படம் போன்றவை இதில் அடங்கும். வெற்றியாளரை நடுவர் தேர்ந்தெடுக்கிறார்.

மூன்றாவது, நிறுவனத்திற்குள் நடக்கும் குடும்பப் போட்டி. தேசியப் பாதுகாப்பு மன்றம் 1966ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று நிறுவப்பட்டது. அந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு வாரம் கொண்டாடப்படுகிறது. அப்போது தொழிலாளர்களுக்கு முழக்கப் போட்டியும் அவர்களின் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியும் வைப்பது பல இடங்களில் நடைமுறை. ஆயுத பூசை, ஆண்டு விழா, குடும்ப நாள் ஆகியவற்றிலும் இத்தகைய போட்டிகள் நடக்கின்றன.

மூன்றாம் வகையில் உறவினர் கலந்துகொள்வது குறையாகாது. அவர்களுக்காகவே அந்தப் போட்டி வைக்கப்படுகிறது. தலைக்கவசம் அணியாத தந்தையைத் தன் ஓவியத்தில் வரையும் குழந்தை, அறிவிப்புப் பலகையால் செய்ய முடியாத வேலையைச் செய்துவிடக்கூடும். ஆகவே உறவினர் போட்டியிடலாமா என்று பொதுவாகக் கேட்டால் ஒரே விடை கிடைக்காது. எந்தப் போட்டி, அதில் எதிரே நிற்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விலக்கு விதியின் காரணங்கள்

முதல் காரணம் தகவல். பரிசு எண் எந்தப் பெட்டியில் போகிறது, வினாத்தாளில் என்ன இருக்கிறது, நடுவர் எதை விரும்புவார் என்பவை உள்ளே இருப்பவருக்குத் தெரிய வாய்ப்புண்டு. அந்தத் தகவல் வீட்டுக்குள் எளிதாகப் பரவும்.

இரண்டாவது காரணம் செல்வாக்கு. நேரடியாக எதுவும் சொல்லாவிட்டாலும், மேலாளரின் மகள் எழுதிய கட்டுரை என்று தெரிந்தால் அவருக்குக் கீழே பணிபுரியும் நடுவரின் கை சற்றுத் தயங்கும்.

மூன்றாவது காரணம் பினாமித் தன்மை. ஊழியரை மட்டும் விலக்கினால், அவர் மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ கூப்பன் நிரப்பலாம். பரிசு கடைசியில் ஒரே வீட்டுக்குத்தான் வரும்.

நான்காவது காரணம், தோற்றவரின் நம்பிக்கை. முதல் மூன்றும் நடக்காமல் இருக்கலாம். குலுக்கல் முழுக்க நேர்மையாகவே நடந்திருக்கலாம். இருந்தாலும் முதல் பரிசான இருசக்கர வாகனம் அந்த நிறுவனக் கணக்காளரின் மைத்துனருக்குப் போனது என்று தெரிந்தால், தோற்ற ஆயிரம் பேரும் தங்களை ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்கள். அவர்களிடம் நேர்மையை நிரூபிக்க நிறுவனத்திற்கு வழி இருக்காது. வென்றவரும் தன் வெற்றியை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள முடியாது.

எனவே விலக்கு விதி உறவினரைக் குற்றவாளியாகக் கருதி எழுதப்பட்டது அன்று. பரிசு பெறாதவர் முடிவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. இந்த நோக்கத்தை நினைவில் வைத்தால், விதி எங்கே தேவை, எங்கே அளவு மீறுகிறது என்பதைப் பிரித்தறிய முடியும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியின் நிலை

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் இரயில் பாதையிலும் அமைந்துள்ளது. 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகங்களுள் ஒன்று இங்கு உள்ளது. இரும்பு உருக்கு, வார்ப்பு, வாகன உதிரிப் பாகங்கள், வேதிப்பொருள்கள் எனப் பல தொழில்கள் இப்பகுதியில் நடக்கின்றன. அதே மாவட்டத்தில் தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகமும், திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ளன.

இரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூர், ஆரம்பாக்கம் ஆகிய நிலையங்களைக் கடந்தால் ஆந்திரப் பிரதேசத்தின் தடா வந்துவிடும். தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருக்கிறது. உணவுப் பொருள்கள், பற்பசை போன்ற அன்றாடப் பொருள்களைச் செய்யும் நிறுவனங்களும் அங்கு உள்ளன. மாநில எல்லையின் இரு பக்கமும் வேலைக்குப் போய்வருவோர் உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவுகளும் எல்லை தாண்டி நீள்கின்றன.

இத்தகைய பகுதியில் ஒரே வீட்டில் அண்ணன் ஒரு தொழிற்சாலையிலும், தம்பி அதற்குப் பொருள் வழங்கும் பட்டறையிலும், அண்ணி அங்குள்ள உணவுக்கூடத்திலும் வேலை செய்வது இயல்பு. ஊழியர், ஒப்பந்ததாரர், வழங்குநர், விநியோகஸ்தர், இவர்கள் அனைவரின் குடும்பத்தார் என்று ஒரு விதி சொல்லும்போது, பெருநகரத்தில் அது சில நூறு பேரைத் தொடும். தொழிற்சாலையை நம்பி வாழும் ஊரில் அது தெருத் தெருவாக ஆட்களை வெளியே நிறுத்திவிடும்.

தமிழ்நாட்டுச் சட்டமும் இந்தியச் சட்டமும்

இக்கேள்வியில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், பொருள் வாங்கியவர்களிடையே சீட்டுக் குலுக்கியோ வேறு எந்த வகையிலோ ஒருவரையோ சிலரையோ தேர்ந்தெடுத்துப் பரிசு வழங்கும் திட்டங்களைத் தடை செய்கிறது. அகில இந்திய அளவில் நடக்கும் பல விற்பனைப் போட்டிகளின் உறையில், இப்போட்டி தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்ற வரி சிறிய எழுத்தில் இருப்பதைக் காணலாம். அதற்குக் காரணம் இச்சட்டம். ஆகவே தமிழ்நாட்டில் வசிக்கும் ஒருவருக்கு, தன் அண்ணன் அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறாரா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே கதவு மூடப்பட்டிருக்கும்.

எல்லைப் பகுதியில் இது விசித்திரமான நிலையை உண்டாக்குகிறது. கும்மிடிப்பூண்டியில் வசிக்கும் ஒருவர் ஓர் உணவு நிறுவனத்தில் பணிபுரிகிறார் என்று கொள்வோம். அவருடைய தங்கை திருமணமாகி ஆந்திரத்தின் சூளூர்ப்பேட்டையில் இருக்கிறார். அந்நிறுவனம் நடத்தும் குலுக்கலில் அண்ணன் கலந்துகொள்ள இரண்டு தடைகள்: வசிப்பிடம் ஒன்று, வேலை ஒன்று. தங்கைக்கு வசிப்பிடம் தடையில்லை. ஆனால் அண்ணன் அங்கு வேலை செய்வதால் உறவு தடையாகிறது. அந்தத் தங்கை கடையில் முழு விலை கொடுத்தே பொருளை வாங்கியிருப்பார்.

மத்தியச் சட்டங்களில் மூன்று செய்திகள் இங்கு முக்கியமானவை.

1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், எழுத்துகளையும் சொற்களையும் எண்களையும் அடுக்கித் தீர்க்கும் புதிர்ப் போட்டிகளை ஒழுங்குபடுத்துகிறது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு மதிப்பு 1,000 ரூபாயையும், ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் 2,000ஐயும் தாண்டக் கூடாது என்று அது வரையறுத்தது. சூதாட்டத் தன்மை உள்ள போட்டிகளுக்கே இச்சட்டம் பொருந்தும், கணிசமான திறமை தேவைப்படும் போட்டிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1957இல் விளக்கியது. குலுக்கலும் திறமைப் போட்டியும் வேறு வேறு என்ற பாகுபாடு சட்டத்திலும் இருப்பதை இது காட்டுகிறது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மூன்று செயல்களை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பரிசைக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் அறிவிப்பதும், பொருளின் விலையிலேயே அடங்கிய ஒன்றை இலவசம் என்று காட்டுவதும் ஒன்று. விற்பனையை உயர்த்துவதற்காக, அனுமதிக்கப்பட்டவை தவிர்த்த போட்டிகளையும் குலுக்கல்களையும் நடத்துவது மற்றொன்று. திட்டம் முடிந்ததும் இறுதி முடிவைக் கலந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்காமல் மறைப்பது மூன்றாவது. வென்றவர் யார் என்பது வெளியே தெரிந்தால்தான் அவர் யாருடைய உறவினர் என்ற கேள்வியையும் மக்கள் கேட்க முடியும். அதனால் மூன்றாவது விதி இந்த விவாதத்தில் மிகவும் பயனுள்ளது.

பரிசுப் பணம் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றத்திற்கும் வந்தது. 2007இல் கோன் பனேகா குரோர்பதி தொலைக்காட்சி நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்வையாளர்களுக்காக ஒரு குறுஞ்செய்திப் போட்டி நடந்தது. ஒரு குறுஞ்செய்திக்கு 2.40 ரூபாய் கட்டணம். சரியான விடை அனுப்பியவர்களில் ஒருவருக்கு 2 இலட்சம் ரூபாய் பரிசு. பார்வையாளர் கட்டிய பணத்திலிருந்தே பரிசு தரப்பட்டது என்று கருதிய தேசிய நுகர்வோர் ஆணையம், 2008இல் ஒளிபரப்பு நிறுவனத்திற்கும் தொலைபேசி நிறுவனத்திற்கும் எதிராக 1 கோடி ரூபாய் தண்டனை இழப்பீடு விதித்தது. அதற்குப் போதிய சான்று இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் அந்த ஆணையை நீக்கியது. பரிசுச் செலவு வாடிக்கையாளர் பணத்திலிருந்து வருகிறதா என்பது சான்றால் நிறுவப்பட வேண்டிய செய்தி என்பதை இவ்வழக்கு காட்டியது.

இந்தச் சட்டங்களில் ஊழியரின் உறவினருக்கெனத் தனி விதி கிடையாது. எனவே விலக்கு வரி, போட்டியாளர் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்த நிபந்தனையாகவே செயல்படுகிறது. நிபந்தனை முன்கூட்டியே, தெளிவாக, எளிதில் படிக்கும்படி சொல்லப்பட்டிருந்தால் அது பிணைக்கும். வெற்றி அறிவித்த பிறகு புதிதாகச் சேர்க்கும் நிபந்தனை தகராறையே வளர்க்கும்.

'உறவினர்' என்பவர் யார்?

தமிழில் உறவினர் என்ற சொல்லுக்கு எல்லை இல்லை. ஒன்றுவிட்ட சித்தப்பாவும் உறவு, சம்பந்தி வீட்டாரும் உறவு. விதியில் இச்சொல்லை மட்டும் எழுதினால் யாரை விலக்குகிறது என்பது யாருக்கும் விளங்காது.

ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனச் சட்டம் உதவும். 1956ஆம் ஆண்டின் பழைய நிறுவனச் சட்டம் பாட்டன், பாட்டி, பேரன், பேத்தி, அவர்களின் துணைவர்கள் உட்பட 22 உறவுகளைப் பட்டியலிட்டது. 2013ஆம் ஆண்டின் சட்டமும் அதன் விதிகளும் அந்தப் பட்டியலைச் சுருக்கின. கணவன் அல்லது மனைவி, இந்து கூட்டுக் குடும்ப உறுப்பினர், தந்தை, தாய், மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தார் ஆகியோர் மட்டுமே அதில் உள்ளனர்.

தாய்மாமன், அத்தை, சித்தப்பா, மனைவியின் சகோதரர் ஆகியோர் இந்தப் புதிய பட்டியலில் இல்லை. காதணி விழா முதல் திருமணம் வரை தாய்மாமன் சீர் இல்லாமல் எதுவும் நடக்காத தமிழ்க் குடும்பத்தில், சட்டத்தின் பார்வையில் அவர் வெளியாள். மறுபக்கம், பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் தம்பி சட்டத்தின் பார்வையில் நெருங்கிய உறவினர். ஆகவே பட்டியலும் முழு விடை ஆகாது. ஆனால் பட்டியல் இல்லாத விதியைவிட அது மேலானது. தான் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பதைப் போட்டிக்கு முன்பே ஒருவர் அறிந்துகொள்ள அது உதவும்.

ஒரே வீட்டில் வசிப்பவர் என்ற அளவுகோலையும் பல விதிகள் சேர்த்துக்கொள்கின்றன. கூப்பன் ஒரே முகவரிக்குப் போகும்போது உறவின் பெயர் என்னவாக இருந்தாலும் பயன் ஒன்றே என்பது அதன் தர்க்கம். ஒரே அறையில் தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இது பொருந்துமா என்பதையும் விதி எழுதுபவர் யோசிக்க வேண்டும்.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், அதை எழுதியவருக்குப் பாதகமான பொருளை ஏற்பது ஒப்பந்த வழக்குகளில் பின்பற்றப்படும் கொள்கைகளில் ஒன்று. தெளிவாக எழுதுவது நிறுவனத்திற்கும் பாதுகாப்பு.

'ஊழியர்' என்பவர் யார்?

ஊழியர் என்ற சொல்லிலும் அதே சிக்கல் உண்டு. தொழிற்பகுதிகளில் நிரந்தரத் தொழிலாளர், பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்று பல நிலைகளில் ஆட்கள் பணிபுரிகின்றனர். ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒப்பந்ததாரர். அவர் வேலை செய்வதோ தொழிற்சாலைக்குள்.

இரண்டு போட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இதன் விளைவு புலப்படும். ஆண்டு விழாவில் நிறுவனம் தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறது. நிரந்தரத் தொழிலாளரின் பிள்ளைகள் மட்டுமே என்று விதி சொன்னால், ஒப்பந்தத் தொழிலாளரின் மகள் கலந்துகொள்ள முடியாது. அவர் தந்தை ஊழியர் அல்லர். அதே நிறுவனம் பள்ளி மாணவர்களுக்காகப் பொதுக் கட்டுரைப் போட்டி நடத்துகிறது. ஊழியர், ஒப்பந்ததாரர், அவர்களிடம் வேலை செய்வோர், குடும்பத்தார் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி சொன்னால், அப்போதும் அந்தச் சிறுமி கலந்துகொள்ள முடியாது. முதல் போட்டியில் அவள் தந்தை ஊழியராக எண்ணப்படவில்லை, இரண்டாவதில் எண்ணப்படுகிறார். இரண்டிலும் இழப்பு அவளுக்கே.

அந்தத் தந்தைக்கு நடுவரைத் தெரியாது, வினாத்தாளைப் பார்த்திருக்க மாட்டார், முடிவைத் தொடக்கூட முடியாது. விலக்கின் காரணங்களில் ஒன்றும் அவருக்குப் பொருந்தவில்லை. செல்வாக்கு குறைந்தவர் மீது விலக்கு முழு எடையோடு விழுவது இவ்விதியின் பெருங்குறை. சலுகையில் ஊழியர் அல்லர் என்றால் தடையிலும் ஊழியர் அல்லர். தடையில் ஊழியர் என்றால் சலுகையிலும் ஊழியர். இந்தச் சமன்பாடு விதியில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு நிகழ்வுகள்

உறவினர் மூலம் பரிசு கடத்தப்படும் அச்சம் கற்பனை அன்று என்பதற்கு மூன்று நிகழ்வுகள் சான்று.

முதலாவது அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் மோனோபொலி போட்டி. உணவுப் பொட்டலங்களில் ஒட்டப்பட்ட சிறு வில்லைகளில் பரிசு இருக்கும். இதை நடத்தித் தந்த சைமன் மார்க்கெட்டிங் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜெரோம் ஜேக்கப்சன், முன்னாள் காவலர். உயர்மதிப்பு வில்லைகளைக் காக்க வேண்டிய அவரே அவற்றைத் திருடினார். முதலில் தன் மாற்றுச் சகோதரருக்கு 25,000 டாலர் வில்லையைக் கொடுத்தார். பின்னர் நண்பர், நண்பரின் உறவினர் என்று வலை விரிந்தது. 2001 ஆகத்து மாதம் மத்தியப் புலனாய்வுத் துறையினர் கைது நடவடிக்கையைத் தொடங்கினர். மோசடியின் அளவு 2.4 கோடி டாலருக்கு மேல். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். உணவகத்தில் வரிசையில் நின்று வாங்கிய கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பெரிய பரிசு கிடைக்கும் வாய்ப்பு பல ஆண்டுகள் ஏறக்குறைய இல்லாமலே இருந்தது.

இரண்டாவது ஹாட் லாட்டோ வழக்கு. அயோவா மாநிலத்தில் இயங்கிய பன்மாநில லாட்டரிச் சங்கத்தின் தகவல் பாதுகாப்பு இயக்குநர் எடி டிப்டன், எண்களைத் தேர்வு செய்யும் கணினி நிரலில் இரகசியமாக மாற்றம் செய்தார். ஆண்டின் குறிப்பிட்ட சில நாள்களில் வெற்றி எண்களை ஊகிக்க அது வழிசெய்தது. சங்கத்தின் ஊழியர் சீட்டு வாங்கத் தடை இருந்தது. அதனால் 2005இல் கொலராடோ மாநிலப் பரிசை அவருடைய சகோதரரும், பின்னர் வேறு மாநிலங்களில் நண்பரும் வென்றனர். 2010 திசம்பரில் 1.65 கோடி டாலர் பரிசுக்கான சீட்டை அவரே வாங்கினார். உரிமை கோர வந்தவர்கள் உண்மையான உரிமையாளரின் பெயரைச் சொல்ல மறுத்ததால் பரிசு வழங்கப்படவில்லை. விசாரணை அங்கிருந்து வளர்ந்தது. 2017இல் அவருக்கு 25 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மூன்றாவது, தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்தது. 2003 திசம்பர் குலுக்கலில் 1.25 கோடி டாலர் வென்ற சீட்டு, உரியவர்களிடமிருந்து ஒரு கடையில் திருடப்பட்டது. கடையை நடத்திய குடும்பத்தின் மகள் அதைத் தன் சீட்டு என்று கூறி 2004இல் பணத்தைப் பெற்றார். உண்மையான உரிமையாளர்கள் கட்டுமானத் தொழிலாளர் எழுவர். 2010இல் அக்குடும்பத்தினர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2011இல் வட்டியுடன் பணம் அந்த எழுவருக்குத் தரப்பட்டது. 2018இல் தந்தை, மகன், மகள் மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இதற்கிடையே மாகாண முறைகேள் அதிகாரி ஆந்த்ரே மாரின் 2007இல் வெளியிட்ட அறிக்கை, விற்பனையாளர்களின் வெற்றிகள் போதிய அளவு ஆராயப்படவில்லை என்று சுட்டிக்காட்டியது.

இந்நிகழ்வுகள் தரும் பாடம்

மூன்று நிகழ்வுகளிலும் உறவினர் கருவியாகப் பயன்பட்டனர். ஆனால் தொடக்கம் உறவில் இல்லை. வில்லையும் நிரலும் சீட்டும் ஒரே ஆளின் கையில், மேற்பார்வையின்றி இருந்ததில்தான் தொடக்கம். விலக்கு விதி இருந்த இடத்திலும் மோசடி நடந்தது. உறவினரைத் தடுத்தால் நண்பர் வருவார். நண்பரைத் தடுத்தால் நண்பரின் நண்பர் வருவார். விலக்கு வரி ஒரு பூட்டு மட்டுமே. சாவி யாரிடம் என்பதைக் கவனிக்காத வீட்டுக்குப் பூட்டால் பயன் இல்லை.

ஒன்ராறியோவின் தீர்வு கவனிக்கத்தக்கது. அங்கு விற்பனையாளர்களின் குடும்பத்தார் அனைவரையும் ஒட்டுமொத்தமாக விலக்கவில்லை. தொடர்புடையவர் பெரிய பரிசு வென்றால் அந்தத் தொடர்பை அறிவிக்க வேண்டும்; அந்த வெற்றி தனியாக விசாரிக்கப்படும். சீட்டு வாங்கியவர் அதில் கையொப்பமிடுவதும் வழக்கமாக்கப்பட்டது. உறவு இருப்பதைக் குற்றமாக்காமல், உறவை மறைப்பதைக் குற்றமாக்கும் வழி இது.

விலக்குக்கு எதிரான வாதங்கள்

உறவினரும் வாடிக்கையாளரே. அவர் மற்றவரைப் போல விலை கொடுத்தே வாங்குகிறார். மாணவர் போட்டியில், தந்தையின் வேலையிடம் ஒரு மாணவியின் எழுத்துத் திறமையைக் குறைப்பதில்லை. ஒரே பெரிய நிறுவனத்தை நம்பியிருக்கும் ஊரில் மாவட்ட அளவிலான நல்ல போட்டி அது ஒன்றாகவே இருக்கக்கூடும். அதில் பெறும் சான்றிதழ் மேற்படிப்புக்கு உதவக்கூடும். இவ்வாதங்கள் வலிமையானவை.

ஆனால் குலுக்கலுக்கு இவை அதிகம் பொருந்தா. குலுக்கலில் இழப்பது ஒரு வாய்ப்பை மட்டுமே. திறமைப் போட்டியில் இழப்பது ஓர் அங்கீகாரத்தை. ஆகவே குலுக்கலில் விலக்கு கடுமையாக இருப்பதும், திறமைப் போட்டியில் அது குறுகலாக இருப்பதும் பொருத்தம்.

நியாயமான விதிக்கு நான்கு கேள்விகள்

போட்டியை அமைப்பவர் பின்வரும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. எதிரே போட்டியிடுவோர் யார்? ஊழியர் குடும்பங்களுக்குள் மட்டும் என்றால் உறவினருக்குத் தடை வேண்டாம். பொதுமக்களும் கலந்துகொண்டால் தடையோ அறிவிப்புக் கடமையோ தேவை.

2. முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? குலுக்கல் என்றால் பலர் முன்னிலையில், வெளியார் ஒருவர் கையால் சீட்டு எடுக்கலாம். நடுவர் தீர்ப்பு என்றால் படைப்பில் பெயரை நீக்கி எண் மட்டும் இடலாம். பெயர்ப் பட்டியலை நடுவர் அல்லாத ஒருவர் வைத்திருக்கலாம்.

3. முடிவைத் தொடக்கூடியவர் யார்? போட்டியை வடிவமைத்தவர், நடுவர், பரிசுப் பொருளைக் கையாள்பவர், விளம்பர முகவர் ஆகியோரின் நெருங்கிய உறவினருக்கு முழுத் தடை நியாயம். உருக்கு உலையில் இரவுப் பணி பார்ப்பவரின் மகனுக்கு அதே தடை தேவையா என்பதைத் தனியாக எண்ண வேண்டும்.

4. விதி முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டதா? யார் ஊழியர், யார் உறவினர் என்ற பட்டியல் அறிவிப்பிலேயே, மக்கள் பேசும் மொழியில் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி போன்ற இடத்தில் தமிழோடு தெலுங்கும் இந்தியும் தேவைப்படலாம்.

திறமைப் போட்டிக்கு நடுவழிகளும் உண்டு. ஊழியர் குடும்பத்தாருக்குத் தனிப் பிரிவும் தனிப் பரிசும் வைக்கலாம். தன் உறவினர் போட்டியிடுவதை அறிந்த நடுவர் விலகிக்கொள்ளலாம். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் தம் பிள்ளையின் தாளைத் திருத்தாமல் இருக்கும் முறையை ஒத்தது இது.

உறவினர் செய்யத்தக்கது

போட்டியில் சேரும் முன் விதியை முழுமையாகப் படிக்க வேண்டும். ஐயம் இருந்தால் நடத்துபவரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுவது நல்லது. தடை உள்ள போட்டியில் வேறொருவர் பெயரில் கூப்பன் நிரப்புவது ஊழியரின் வேலைக்கே தீங்காகலாம்; பல நிறுவனங்களின் நடத்தை விதிகளில் இது ஒழுங்கீனமாகக் கருதப்படும். பெரிய பரிசை மறைப்பதும் எளிதன்று. குலுக்கல் பரிசுகளுக்கு 30 விழுக்காடு அடிப்படை விகிதத்தில் வருமான வரி உண்டு. வரி பிடித்தம் செய்யும்போது வென்றவரின் பெயரும் நிரந்தரக் கணக்கு எண்ணும் பதிவாகின்றன.

அறியாமல் கலந்துகொண்டு வென்றுவிட்டால், பரிசைப் பெறும் முன்பே உறவைத் தெரிவிப்பது சிறந்தது. பரிசு கை நழுவலாம்; ஆனால் வீட்டில் இருப்பவரின் வேலையும் நற்பெயரும் காக்கப்படும். நடத்துபவர் அந்த நேர்மையை மதித்துக் காரணத்தை எழுத்தில் தெரிவித்து, அடுத்த தகுதியாளருக்குப் பரிசு போனதையும் வெளியிட்டால், போட்டியில் தோற்றவர்களும் அடுத்த முறை நம்பிக்கையோடு கலந்துகொள்வார்கள்.